ஒரு போகம் வயலில் நின்ற லொறி

லொறி ஓடப் பழகுகிற பிள்ளைகளே, நீங்கள் இப்போது ஓடுகிற வண்டிகளில் திறப்பைத் திருப்பினால் எஞ்சின் ஓடும். என் லொறிக்கு முன்னால் நின்று கம்பி போட்டுச் சுற்ற வேண்டும். பிழையாகப் பிடித்தால் கம்பி திரும்பி அடித்துக் கை முறியும். எனக்கு ஒருமுறை முறிந்தது. அதற்குப் பிறகு பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்துப் பிடிக்கப் பழகினேன். ஓட்டத்தைப் பற்றிச் சொல்லித்தர என்னிடம் அவ்வளவுதான் இருக்கிறது. மற்றதை ஓடி ஓடிப் பழகுவீர்கள்.

நான் எழுத வந்தது வேறு. ஓட்டம் நன்றாகத் தெரிந்தவன் எந்த இடத்தில் பிழை விடுவான் என்பதை. நான் விட்டேன். அதைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கோ.

அது பட்டாளம் கழித்துவிட்ட பழைய லொறி. வவுனியாவில் ஏலத்தில் எடுத்தேன். வேறு ஒருவரும் கேட்கவில்லை. ஒரு சோடி வண்டில் மாடு வாங்குகிற விலைக்கு வந்தது. கதவு இல்லை. இருக்கை பலகை, மேலே மடித்த சாக்கு. எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தாங்கிக்குள் ஒரு தடியை விட்டுப் பார்ப்பேன். ஹோன் தனக்கு மனம் வந்தால் அடிக்கும்.

ஆனால் நாலு சில்லும் இழுக்கும். மாரியில் ட்ரக்டர் நின்றுவிடுகிற இடத்தில் இது போகும். காட்டுப் பாதை, குளக்கட்டு, யானை மிதித்த சேறு, எல்லாம் அதற்கு ஒன்றுதான். சத்தம் ஒரு கட்டை, ஒரு மைல் தூரத்துக்குக் கேட்கும். மனுசி அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் உலையில் அரிசி போடுவா. எங்கும் அதை விட்டுவிட்டு நான் நடந்து வந்ததில்லை. ஊரில் பெரிய பேர். அந்தப் பேர் எனக்கும் தலைக்குள் ஏறியிருந்தது.

சேற்றில் புதைந்தால் பாரத்தை இறக்க வேண்டும். ஆட்களை இறக்கு, மூட்டையை இறக்கு, வண்டியை லேசாக்கு, பிறகு எடு. இது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. யோசிக்கிறதே இல்லை.

எண்பத்தொன்று என்று நினைக்கிறேன். கார்த்திகை மாதம். செட்டிகுளத்துக்கு அங்கால, ஆற்றுக்கு அக்கரையில் இருபது குடும்பம் இருந்தது. எழுபத்தேழு கலவரத்தில் அடிபட்டு மலைநாட்டிலிருந்து வந்த சனம். தேயிலை பறித்தவர்கள். காட்டை வெட்டி ஆளுக்கு ஒரு ஏக்கர் வயல் திருத்தியிருந்தார்கள். புரட்டாதியில் புழுதியில் விதைத்தார்கள். முதல் மழைக்கு முளைத்தது. பிறகு மழை இல்லை. முளைத்ததெல்லாம் கருகிப் போயிற்று.

எல்லோருமாகச் சேர்ந்து மறுபடி விதைநெல் வாங்கினார்கள். இருபது மூட்டை. அதை வவுனியாவிலிருந்து ஏற்றிக்கொண்டு வரத்தான் என்னைப் பிடித்தார்கள். அந்த விதையும் பிழையாகிப் போனால் அங்கே இருக்க மாட்டோம் என்று பாதிக் குடும்பம் சொல்லிவிட்டது. எங்கே போவீர்கள் என்று கேட்டேன். மூட்டையைத் தூக்கி ஏற்றினார்கள்.

மூட்டைகளுக்கு மேலே எட்டுப் பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் ராமையா. குடியிருப்புக்குத் தலைவர் மாதிரி. ஒன்றைச் சொல்ல முதல் மூன்று தரம் தொண்டையைச் செருமுவார். மற்றது மாரியாயி. ஐம்பது வயது இருக்கும். அவாவுக்குச் செருமத் தேவையில்லை. வவுனியாவில் நான் சில்லுக்குக் காற்றுப் பார்த்தபோதே தொடங்கிவிட்டா.

"என்னா டிரைவர் தொரை, இது லொறியா, இல்ல லொறிக்கு அப்பனா?"

"ஏறுங்கோ அக்கா. பின்னேரம் மழை வரும்."

மழை எங்களுக்கு முதலே வந்துவிட்டது. ஆற்றடிக்கு வந்தபோது தாம்போதிக்கு மேலால் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தாம்போதி என்றால் பாலம் இல்லை. ஆற்றுக்குக் குறுக்கே போட்ட சீமெந்துத் தரை. கோடையில் காய்ந்து கிடக்கும். அன்று முழங்காலுக்கு மேலே தண்ணீர். ஓரத்துக் கற்களின் தலை மட்டும் தெரிந்தது.

இக்கரையில் ஒரு முஸ்லிம் நானா மாட்டு வண்டிலை அவிழ்த்துவிட்டு இருந்தார். பேர் கேட்கவில்லை. வண்டிலில் விறகு. நான் இறங்கித் தண்ணீரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"மேல எத்தின பேர் தம்பி?"

"எட்டுப் பேர். இறக்கிப்போட்டு லொறியை மட்டும் கொண்டுபோறன்."

"அப்பிடிச் செய்ய வாணாம். போறதெண்டா எல்லாரையும் வெச்சுக்கொண்டு போங்க. இல்லாட்டி என்னப்போல இருங்க. தண்ணி பாரமில்லாத சாமானத் தூக்கும்."

"இது மாட்டு வண்டில் இல்லை நானா."

அவர் சிரித்தார். "அது எனக்கும் தெரியுது. மாடு நீந்தும்."

மேலே இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டில்காரன் எனக்கு லொறி சொல்லித்தாறதோ என்று நினைத்தேன். எல்லோரையும் இறங்கச் சொன்னேன். ஏழு பேர் இறங்கினார்கள். மாரியாயி மூட்டைக்கு மேலே சம்மாணம் கட்டிக்கொண்டு இருந்தா.

"அக்கா, இறங்குங்கோ."

"நீங்க எறங்குறீங்களா?"

"நான் எப்பிடி இறங்கிறது? ஆர் ஓட்டுறது?"

"அப்ப நானும் எறங்கல. போங்க."

அவாவோடு கதைத்துக்கொண்டு நின்றால் தண்ணீர் ஏறும். பான் பெல்ற்றைக் கழற்றினேன். இல்லாவிட்டால் காற்றாடி தண்ணீரை அள்ளி எஞ்சினில் அடித்து நிற்பாட்டிவிடும். முதல் கியரில் இறக்கினேன்.

பாதி ஆறு வரை ஒன்றும் இல்லை. பிறகு பின்பக்கம் லேசாகியது. சேற்றில் வழுக்குவது வேறு, இது வேறு. சேற்றில் வழுக்கும்போது சில்லு தேடும், கைக்குத் தெரியும். இதில் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆறு பின்பக்கத்தைப் பிடித்து மெல்லத் தள்ளிக்கொண்டு போனது. பின் சில்லு ஒன்று தாம்போதியை விட்டுக் கீழே விழுந்தது. லொறி சரிந்து கல்லில் தட்டி நின்றது. சாமான் ஏற்றுகிற தட்டின் ஒரு மூலை தண்ணீருக்குள் போயிற்று. மூட்டை சரிய, பின் கதவின் கொழுக்கி விட்டுவிட்டது. நாலு மூட்டை என் கண்முன்னால் போயிற்று. மாரியாயி ஐந்தாவதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குறுக்கே கிடந்தா.

"தொரை! அந்த மனுசன் சொன்னாருல்ல!"

இக்கரையில் நானா எழுந்து நின்று கையை வாயில் வைத்துக் கத்தினார். "எல்லாரும் போய் ஏறுங்க! மேப்பக்கமா ஏறுங்க! முன்னுக்கு ஏறுங்க!"

ஏழு பேரும் கை கோர்த்துக்கொண்டு கல்லுக்குக் கல்லு பிடித்து வந்தார்கள். தண்ணீருக்குப் பழகாத சனம். ராமையா ஒவ்வொரு கல்லையும் காலால் தடவிப் பார்த்தார். ஆனால் வந்தார். நாலு பேர் எஞ்சின் மூடிக்கு மேலே ஏறினார்கள். மூன்று பேர் ஆறு வருகிற பக்கம் தொங்கினார்கள். முன் சில்லு இரண்டும் தரையைக் கடித்தது. அப்போது கைக்குத் தெரிந்தது. இழுத்தது. ஏறிவிட்டோம்.

நான் இறக்கிவிட்ட பாரம் திரும்பி ஏறித்தான் லொறி கரை கண்டது. அதற்கு மேலே இதில் விளக்கம் இல்லை. சேற்றில் பாரம் எதிரி, ஓடுகிற தண்ணீரில் பாரம் துணை. எனக்குச் சேறு தெரியும். அதனால் தண்ணீரும் தெரியும் என்று நினைத்தேன். தெரிந்தவன் விடுகிற பிழை அதுதான்.

அக்கரையில் மூட்டைகளை இறக்கிப் பார்த்தோம். பதினாறு மூட்டையும் நனைந்து ஊறியிருந்தது. மழையும் விடவில்லை. ராமையா ஒரு மூட்டையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். செருமவில்லை.

"போச்சு," என்றார்.

நான் வயல்காரன் வீட்டுப் பிள்ளை. எனக்கு அது தெரியும். "போகேல்லை," என்றேன். "சேத்து விதைப்புக்கு நாங்கள் விதையை வேணுமெண்டே ஊறவைக்கிறனாங்கள். இது ஊறியிட்டுது. ஆனா இனி நிக்காது. வைக்கலால மூடி வைச்சா நாளண்டைக்கு முளை வெடிக்கும். அடுத்த நாள் வேர் பின்னியிடும், எறியேலாது. மூண்டு நாளைக்குள்ள வயல் சேறாக வேணும்."

"வயல் மிதிக்க மாடு இல்ல. ட்ரக்டர் அந்தக் கரையில," என்றார் ராமையா. "ஆறு எறங்க ஒரு வாரம் ஆகும்."

எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள். நான் லொறியைப் பார்த்தேன்.

போய் வயலுக்குள் இறங்கி ஒரு கம்பியைக் குத்திப் பார்த்தேன். மேலே ஒரு சாண் சேறு. கீழே இறுகிய மண். கோடை முழுக்கக் காய்ந்தபடியால் தண்ணீர் இன்னும் ஆழத்துக்கு இறங்கவில்லை. இரண்டு கிழமை கழிந்தால் லொறி புதைந்துபோகும். இப்போது நிற்கும்.

"லொறியை இறக்குறன்," என்றேன்.

மாரியாயி சேலையைப் பிழிந்துகொண்டு நின்றா. "ஆத்துல எறக்குனது போதாதா?"

நான் போய்ச் சங்கிலியை எடுத்தேன். அவா அதைப் பார்த்தா. பிறகு, "என்னா கட்டி இழுக்கணும்?" என்று கேட்டா.

ஒரு பாலை மரக் குற்றியைச் சங்கிலியில் கட்டினோம். நல்ல பாரம். லொறி முன்னால் போக, அது பின்னால் மண்ணைக் குழைத்துக்கொண்டு வரும். ஆனால் இருபது துண்டு வயல், இருபது வரம்பு. ஒவ்வொரு வரம்பிலும் ஏறி இறங்கினால் மூன்று நாளில் முடியாது. வரம்பை வெட்ட வேண்டும். ராமையா அதற்குத்தான் செருமினார்.

"வரம்ப வெட்டிட்டா யாரு வயலு எதுன்னு எப்பிடித் தெரியும்? சண்ட வரும்."

"அண்ணே," என்றா மாரியாயி, "நாலு மூட்ட ஆத்தோட போச்சே, அது யாரு மூட்டன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"அது எப்பிடித் தெரியும்?"

"தெரியாதுல்ல. அப்ப வயலும் தெரியாமலே கெடக்கட்டும். எல்லாத்துலயும் எறிவோம். எல்லாத்தையும் அறுப்போம்."

முதல் மண்வெட்டியை ராமையாதான் போட்டார். தன் வரம்பில்.

இரண்டு நாள் விடியலில் தொடங்கிப் பொழுது சாயும் வரை ஓடினேன். லொறி அப்படி ஒரு வேலை செய்ததில்லை. குனிந்த தலை நிமிராத எருமை மாதிரிப் போனது. எஞ்சின் கொதிக்கும், நிற்பாட்டுவோம், ஆறும், திரும்பப் போவோம். பின்னால் பெண்கள் மண்வெட்டியோடு மேடு பள்ளம் பார்த்து வந்தார்கள். தேயிலை மலையில் நடந்த கால்கள் சேற்றில் விழுந்து எழும்பின. விழுந்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் வளைவில் திருப்பும்போது லொறி பக்கவாட்டில் வழுக்கினால் அதற்கும் சிரிப்பார்கள்.

"தொரை, ஒங்க மாடு ஆடுது! புண்ணாக்கு வச்சீங்களா?"

இரண்டாம் நாள் மத்தியானம் தாங்கிக்குள் தடியை விட்டேன். நுனி மட்டும் நனைந்தது. பெற்றோல் இல்லை. அக்கரைக்குப் போக முடியாது. சூடான எஞ்சின் என்றால் மண்ணெண்ணெயிலும் ஓடும், புகைக்கும், திணறும், ஆனால் ஓடும். ராமையாவிடம் சொன்னேன். அவர் வீடு வீடாகப் போனார். அரைமணிக்குள் இருபது போத்தல் வரிசையாக வந்தது. சிலதில் பாதி, சிலதில் இரண்டு விரல் அளவு. விளக்குக்கு வைத்திருந்தது. ஒருவரும் தங்களுக்கு என்று மிச்சம் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் விதை எறிந்தார்கள். முளை வெள்ளையாக, அரிசி அளவுக்கு வந்திருந்தது. நான் குழைத்துக்கொண்டு போக, பின்னால் எறிந்துகொண்டு வந்தார்கள். பதினாறு மூட்டையை இருபது ஏக்கருக்கு எறிய வேண்டும். நெருக்கமில்லாமல் ஐதாகத்தான் எறிந்தார்கள்.

கடைசித் துண்டு நடுவில் இருந்தது. அதையும் குழைத்து முடிக்கிற நேரம் கருகல் மணம் வந்தது. கிளச். மிதித்தேன், ஒன்றும் இல்லை. எஞ்சின் ஓடுகிறது, லொறி நிற்கிறது. முப்பது பேர் தள்ளினார்கள். சில்லு அரை அடி கூட நகரவில்லை. விதை காத்திருக்காது. லொறியைச் சுற்றி எறிந்துவிட்டு வந்தோம். சில்லு வரைக்கும் எறிந்தார்கள்.

ஆறு இறங்கியதும் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மனுசி வாசல் படலைக்கு வந்தா.

"சத்தம் கேக்கேல்லை. லொறி எங்கை?"

"வயலுக்கை."

அவா போய் உலையில் அரிசி போட்டா.

பழைய லொறிக்குக் கிளச் தட்டு கிடைப்பது லேசில்லை. பன்னிரண்டு நாள் தேடி ஒன்று பிடித்தேன். சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் வயலுக்குள் இறங்கினேன். பயிர் ஒரு சாண் வந்துவிட்டது. ஐதாக எறிந்தாலும் நன்றாக வந்திருந்தது. பச்சை. நடுவில் லொறி. பயிருக்கு மேலே கால் வைக்காமல் நடக்க அரைமணி எடுத்தது. லொறிக்குக் கீழே சேற்றில் படுத்துத் தட்டைப் போட்டேன். பின்னேரம் ஆயிற்று. சுற்றினேன், எஞ்சின் பிடித்தது. ஏறி இருந்தேன். கிளச்சை மிதித்துக் கியரைப் போட்டேன். இப்போது காலை எடுத்தால் போகும்.

சனம் வயல் ஓரத்து மேட்டில் நின்றது. மாரியாயி கத்தினா.

"போங்க தொரை! ரெண்டு சில்லுத் தடந்தானே. நாங்க பாத்துக்கிறோம்."

ராமையா பயிரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு லொறிதான் சீவியம். அது வயலில் நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. இரண்டு தடம் மட்டும் என்றால் எடுத்திருப்பேன். சத்தியமாக எடுத்திருப்பேன். ஆனால் இந்தப் பன்னிரண்டு நாளில் தண்ணீர் கீழே இறங்கியிருந்தது. நடந்து வரும்போதே காலுக்குத் தெரிந்தது. முன்பு இறுகியிருந்த மண் இப்போது களி. நூறு யார் தூரத்துக்குள் புதையும். புதைந்தால் இருபது பேர் இறங்கித் தள்ளுவார்கள். நாற்பது கால். குற்றி போடுவார்கள், கிளை போடுவார்கள், திரும்பத் திரும்ப நடப்பார்கள். ஐதாக எறிந்த பயிர். மிதிபட்டதை நிரப்ப விதை இல்லை.

ஆற்றடியில் நான் லொறியை மட்டும் கணக்குப் பார்த்தேன். வயலில் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தேன். கியரை எடுத்தேன். எஞ்சினை நிற்பாட்டினேன்.

"என்னாச்சு?" என்றா மாரியாயி.

"வெட்டின பிறகு எடுக்கிறன்."

"வெட்டுறதுக்கு இன்னும் மூணு மாசத்துக்கு மேல இருக்கு!"

"ஓம்."

வீட்டுக்குப் போனேன். மனுசி கேட்டா, "எப்ப வரும்?" "அறுவடைக்கு," என்றேன். அவா உள்ளே போய் என் மண்வெட்டியை எடுத்து வந்து வாசலில் சாத்தி வைத்தா. அடுத்த நாள் விடியக் கூலிக்குப் போனேன். லொறிக்காரன் வரம்பு கட்டுகிறான் என்று ஊரில் கதைத்தார்கள். நக்கலடித்தார்கள். என்னிடம் ஏற்றி இறக்கியவர்கள் வேறு லொறி பிடித்தார்கள். சிலர் பிறகு திரும்பி வரவேயில்லை. செய்தது சரியோ பிழையோ என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உங்களுக்கு அப்படி ஒரு நாள் வந்தால் என்னைப் பார்த்துச் செய்யாதீர்கள். இறங்கி மண்ணைக் குத்திப் பாருங்கள். மண் சொல்லும்.

இடையில் இரண்டு மூன்று தரம் போய்ப் பார்த்தேன். பன்றிக்குக் காவல் இருக்கிறவர்கள் லொறிக்கு மேலே கிடுகால் ஒரு கூரை போட்டு, தகரம் தட்டிக்கொண்டு இருந்தார்கள். சில்லு பயிருக்குள் மறைந்துவிட்டது. தூரத்தில் பார்த்தால் லொறி நெல்லுக்கு மேலே மிதக்கிற மாதிரி இருக்கும்.

பங்குனியில் அறுவடை. நான் போன அன்று காலை வயலில் வேறெங்கும் அரிவாள் படவில்லை. லொறிக்கு முன்னாலிருந்து பாதை வரைக்கும் ஒரு வழி மட்டும் வெட்டியிருந்தார்கள். லொறி அகலத்துக்கு மேலே ஒரு சாண் கூட இல்லை. ராமையா தடியால் அளந்து பார்த்தாராம். நிலம் காய்ந்து கல்லாக இருந்தது.

மாரியாயி லொறித் தட்டுக்குள் நின்றா. ஆற்று மண்டி அங்கே ஒரு விரல் தடிப்புக்குப் படிந்திருந்தது. மூட்டையிலிருந்து சிந்திய நெல் அதில் முளைத்து, மூலை வழியே கதிர் விட்டிருந்தது. அவா அதையும் ஒழுங்காக அரிந்து, ஒரு பிடியாகக் கட்டி என்னிடம் நீட்டினா.

"இந்தாங்க. இது ஒங்க வயலு. எங்க வயலவிட நல்லா வெளஞ்சிருக்கு. பன்னி கூட ஏறல."

வாங்கி இருக்கைக்கு அடியில் வைத்தேன். கம்பியைப் போட்டுச் சுற்றினேன். கனநேரம் எடுத்தது. பிடித்தது.

வீட்டுக்குக் கொண்டுபோய் மனுசியிடம் கொடுத்தேன்.

"இது என்ன?"

"நாலு மாச ஹயர் காசு."

அவா ஒரு நெல்லை உருவிக் கடித்துப் பார்த்தா.

"இன்னும் ரெண்டு வெய்யில் காயவேணும்," என்றா. உள்ளே போய்ப் பெரிய பாயை எடுத்து வந்து முற்றத்தில் விரித்து, அந்த ஒரு பிடியை நடுவில் வைத்தா.